யாரும் வாங்கிப் போகாத கண்ணாடிகள்

என் அக்கா மகளை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குடைச்சல் என்றுதான் கூப்பிடுவோம். கேள்வி கேட்டே ஆளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். அவள் அப்பா, அதாவது என் மாமா, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பின்பக்க மேஜையில் உட்கார்ந்து லென்ஸைத் தேய்த்து பிரேமில் பொருத்துவது அவள் வேலை. அந்த வேலையை மட்டும் பார்த்துக்கொண்டு கிடப்பாளா? கடைக்குள் யாராவது கால் வைத்தால் போதும், கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு வந்து நிற்பாள்.

"தையல் வேலையா? துணியை எவ்ளோ பக்கத்துல வெச்சுப் பாப்பீங்க? லைட்டு எந்தப் பக்கம் இருக்கு?"

"ஏம்மா, நான் கண்ணாடி வாங்க வந்தேனா, சம்பந்தம் பேச வந்தேனா?" என்று ஒருவர் சலித்துக்கொண்டார். ஆனால் அவள் செய்து கொடுத்த கண்ணாடியோடு போனவர், பிறகு தன் தம்பியையும் இழுத்துக்கொண்டு வந்தார்.

மாமாவும் வேலையில் படு கறார். லென்ஸ் பிரேமுக்குள் ஒரு மயிரிழை திரும்பியிருந்தாலும் கழற்றிவிட்டு மறுபடி பொருத்தச் சொல்வார். கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒரு மாப்பிள்ளைப் பையன் வந்து காலில் வெந்நீர் ஊற்றியதுபோல் பறந்தான். "தம்பி, நாளைக்குப் பொண்ணு முகம் கோணலாத் தெரிஞ்சா என்னைத்தான் திட்டுவீங்க. உக்காருங்க," என்றார் மாமா. பையன் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தான். மற்ற எல்லாவற்றையும் புரட்டிப் புரட்டிப் பார்க்கும் குடைச்சல், அப்பா முடித்து வைத்த வேலையை மட்டும் சரிபார்க்க மாட்டாள். "அப்பா கை பட்டாச்சுல்ல, அப்புறம் என்ன?" என்பாள்.

கடையில் ஒரு அலமாரி உண்டு. அளவு கொடுத்துவிட்டு, செய்து முடித்த கண்ணாடியை வாங்க வராமலே போனவர்களின் கண்ணாடிகள், கடைப் பெயர் போட்ட சின்னச் சீட்டு ஒட்டியபடி அதில் கிடக்கும். ஊர் மாறிப் போனவர்கள், பிரேம் பிடிக்காமல் வீட்டில் சண்டை போட்டவர்கள், செத்துப் போனவர்கள் என்று பல பேர். அதைத் தூக்கிப் போடவும் மனம் வராமல், வைத்துக்கொள்ள இடமும் இல்லாமல் மாமா திண்டாடினார். அந்த அலமாரியை ஒழித்துத் தரச் சொல்லி அக்கா வாய் வலிக்கக் கத்துவாள்.

அப்படி இருக்கும்போதுதான் குடைச்சல் ஒரு கண் மருத்துவக் குழுவோடு தொண்டுக்குப் போகிறேன் என்று கிளம்பினாள். வெள்ளத்தில் வீடு வாசல் இழந்தவர்கள் வேறொரு நாட்டில் முகாம்களில் இருந்தார்கள். அக்கா அழுதாள். நான் என் பங்குக்கு, "கட்டின வீட்டுக்கு ஒட்டடை அடிக்கத் துப்பில்ல, இதுல கடல் தாண்டிச் சேவையாம்," என்று வாரினேன். அவள் சிரித்துவிட்டு மாமாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "வயசானவங்க போடுற வெள்ளெழுத்துக் கண்ணாடி ஒரு பெட்டி குடுப்பா. ரெண்டு கண்ணுக்கும் ஒரே பவரா இருக்கணும். யார் போட்டாலும் ஆகணும்."

மாமா பெட்டியைத் தானே கட்டி, ஒட்டி, கயிறும் போட்டுக் கொடுத்தார். அவள் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் கொண்டு போனாள். அவள் கிளம்பின வாரத்திலேயே நான் கடைக்குப் போனபோது மாமா அந்த அலமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை. "புண்ணியத்துக்குப் புண்ணியமும் ஆச்சு, இடமும் ஆச்சு," என்று சிரித்தார். எனக்குக் கண்ணாடியைப் பற்றி என்ன தெரியும்? நானும் சிரித்தேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு போன் வந்தது. குழுவின் வண்டி ஒரு பாலத்தில் சறுக்கி ஆற்றில் விழுந்துவிட்டது, டிரைவர் பிழைத்தார், அவள் பிழைக்கவில்லை. பணியில் இருக்கும்போது நடந்த விபத்து என்றார்கள். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வியாபாரிகள் சங்க மண்டபத்தில் அவளுக்கு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். சங்கத் தலைவர் பெயின்ட் கடைக்காரர். பேச்சிலும் கோட்டிங் மேல் கோட்டிங் அடிப்பார். அமைதியின் உருவம், அடக்கத்தின் சிகரம் என்று அவர் அடுக்க அடுக்க, யாரைப் பற்றிப் பேசுகிறார் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அமைதியாமே! அந்த வாயாடிக்கா? இருந்தாலும் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோரும் எங்களைப் பார்ப்பது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். மாமா மேடையில், அவள் படத்துக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தார்.

அடுத்துப் பேச வந்தது ஒரு நர்ஸ். முகாமில் அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்தவள். அவளுக்கு மேடைப் பேச்சு வரவில்லை, பேசுவதுபோலவே பேசினாள்.

"அவ எப்படிப்பட்டவன்னு ஒண்ணே ஒண்ணு சொல்றேன். அவ கொண்டு வந்த கண்ணாடிப் பெட்டி மாறிப் போயிருந்துச்சு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பவர், ரெண்டு கண்ணுக்கும் வேற வேற. முதல் நாள் கூட்டத்துல தெரியாம மொத்தத்தையும் குடுத்துட்டோம். மறுநாள் ஒரு அம்மா அதைப் போட்டுட்டு நடந்து, படி தெரியாம விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டாங்க. அப்பத்தான் இவ வாங்கிப் பார்த்தா. அதுலேருந்து கூடாரம் கூடாரமாப் போய்த் திருப்பி வாங்க ஆரம்பிச்சா. குடுத்த பொருளைப் பிடுங்குறியான்னு ஏசினாங்க. மன்னிப்புக் கேட்டுக் கேட்டு வாங்கினா. கொஞ்சம் பேரை ஆத்துக்கு அந்தப் பக்கம் வேற முகாமுக்கு மாத்திட்டாங்க. அவங்களைத் தேடித்தான் அன்னிக்குப் போனா. பெட்டியை நான்தான் மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன், தப்பு என்னோடதுன்னு எல்லார்கிட்டயும் சொன்னா. அவ்ளோ நேர்மை."

மண்டபமே கை தட்டியது. எனக்குக் கை எழவில்லை. காலி அலமாரி என் கண்ணுக்கு முன்னால் நின்றது. மாமாவைப் பார்த்தேன். அவர் குனிந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறந்தால் ஊர் சிரிக்கும், திறக்காவிட்டால் செய்யாத தப்பு செத்துப் போன பெண் தலையிலேயே நிற்கும். என் மனம் முதலில் எந்தப் பக்கம் போனது தெரியுமா? இந்த மனுஷன் வாயைத் திறந்து தொலைக்கக் கூடாதே என்றுதான் போனது. அவளைத் தூக்கி வளர்த்தவள் நான். எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

அப்போது சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்தார். "அந்தத் தங்கச்சி நினைவா நம்ம சங்கம் ஒரு முடிவு பண்ணியிருக்கு. வீட்டுல சும்மா கிடக்கிற பழைய கண்ணாடியெல்லாம் இந்தப் பெட்டியில போடுங்க. ஏழைங்களுக்கு அனுப்புவோம். முதல் கண்ணாடியை அப்பாவே கையால வாங்கட்டும்!" மேடையில் புதிதாகச் செய்த மரப்பெட்டி ஒன்று வந்து உட்கார்ந்தது. ஒரு ரிட்டயர்டு டீச்சர் படியேறிப் போய், கைப்பையிலிருந்து தன் பழைய கண்ணாடியை எடுத்து மாமாவிடம் நீட்டினார்.

மாமா வாங்கினார். இத்தனை வருடப் பழக்கம், கை தானாகவே கண்ணாடியை வெளிச்சத்துக்குத் தூக்கி இப்படியும் அப்படியும் அசைத்தது. கடையில் பவர் பார்க்க அப்படித்தான் அசைப்பார். பிறகு பெட்டியில் போடாமல் நின்றார்.

"போடுங்கண்ணே," என்றார் தலைவர்.

"இதைப் போடக் கூடாது." மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "இது டீச்சர் கண்ணுக்குன்னு அளந்து, லென்ஸை அவங்க கோணத்துக்குத் திருப்பி வெச்சுச் செஞ்சது. வேற ஆள் போட்டா தரை மேல ஏறும், படி கீழ போகும்."

"நல்ல மனசோட குடுக்கறாங்கண்ணே…"

"நானும் குடுத்தேன்ல. அந்தப் பெட்டி மாறிப் போகல. நான் கட்டின பெட்டி. அவ வெள்ளெழுத்துக் கண்ணாடிதான் கேட்டா. நான் அலமாரி காலியாகட்டும்னு கண்டதையும் போட்டுக் கட்டிட்டேன். காசு குடுக்கிறவன் கண்ணுன்னா மயிரிழை பார்ப்பேன். சும்மா வாங்குறவன் கண்ணு, ஏதோ ஒண்ணு போதும்னு நெனச்சுட்டேன். அவ தப்பு பண்ணல. யாரும் அப்படி நெனைக்காதீங்க."

"பாவம், பெத்த மனசு, என்னென்னவோ பேசுது," என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். தலைவர் அவசரமாக மைக்கை அணைத்துவிட்டு எல்லோரையும் டீ குடிக்க அனுப்பினார். கூட்டம் விட்டால் போதும் என்று கலைந்தது. டீச்சர் தன் கண்ணாடியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கிப் போனார்.

என் கையைப் பிடித்திருந்த அக்கா எப்போது விட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை. நேரே மேடைக்கு ஏறினாள். நானும் பின்னால் ஓடினேன். மாமாவை அடிக்கப் போகிறாள் என்றே நினைத்தேன். அவள் மாமா பக்கம் திரும்பவே இல்லை. நர்ஸ் முன்னால் போய் நின்றாள்.

"அவளுக்குத் தெரியுமாம்மா? இவர்தான் கண்டதையும் போட்டுக் கட்டினார்னு?"

நர்ஸ் என்னைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். தப்பிக்க வழியில்லை.

"தெரியும்மா. ஒவ்வொண்ணுலயும் கடைச் சீட்டு ஒட்டியிருந்துச்சே. உங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட வாக்கு வாங்கினா. இன்னிக்கும் அந்த வாக்கைக் காப்பாத்தணும்னுதான் அப்படிப் பேசினேன்."

மாமா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "என்னை ரொம்பத் திட்டினாளாம்மா?"

"இல்லப்பா. ஒரு வார்த்தை திட்டல."

"திட்டியிருக்கலாமே…"

"கோபமே வரலப்பா அவளுக்கு. ராத்திரி முழுக்க அந்தச் சீட்டையெல்லாம் நகத்தாலயே சுரண்டிச் சுரண்டி எடுத்துட்டு இருந்தா. ஏன்டின்னு கேட்டேன். வெட்கமா இருக்குன்னு சொன்னா."