கை எடை பார்த்து வாங்கிய பவர் சப்ளை

சாலைக் கடைத்தெருவின் மிளகாய் வத்தல் நெடியையும் மீறி ஒரு வாசனை என் மூக்கில் ஏறியது என்றால், அது செந்திலின் புது கிராபிக்ஸ் கார்டு பெட்டியைத் திறந்த அன்றுதான். புது பிளாஸ்டிக், கொஞ்சம் ரப்பர், கொஞ்சம் பெயின்ட்... மூன்று ஃபேன் வைத்த கார்டு. பச்சைப்பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கினான்.

செந்தில் என் மனைவியின் தம்பி. அவன் அப்பா, அதாவது என் மாமாவின் ஹார்டுவேர் கடை மாடியில்தான் அவன் அறை. கீழே நான் குழாயும் ஆணியும் விற்பேன். மேலே அவன் கம்ப்யூட்டர் கேமில் சுட்டுத் தள்ளுவான். கொல்லம், கொச்சி ஆட்கள் நாலு பேரோடு சேர்ந்து ஒரு டீம். அவன் சுட்டால் குறி தப்பாது. ஜப்பானில் இருந்தெல்லாம் அவன் ஆட்டத்தைப் பார்த்தார்கள் என்று நான் சாலைக் கடைத்தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். ரெண்டு பேராவது பார்த்திருப்பார்கள்.

மாமா அவனுக்கு ஒரு வருஷம் விட்டிருந்தார். அதற்குள் ஒரு பெரிய போட்டிக்குத் தேர்வாகிக் காட்டணும். இல்லையென்றால் கடையில் வந்து உட்காரணும். பழைய கம்ப்யூட்டர் திணறியது, புதிது கட்டுவோம் என்று முடிவானது. பாகம் பார்த்து வாங்க யாரைக் கூப்பிட்டான்? என்னைத்தான்.

நான் எட்டாம் கிளாஸ் வரைதான் படித்தவன். ஆனால் கண்ணைக் கட்டிவிட்டு ஒரு பித்தளைக் குழாயைக் கையில் கொடுங்கள்... அசலா, போலியா, உள்ளே காற்றுக்குமிழ் ஓட்டை இருக்கிறதா, எல்லாம் சொல்லிவிடுவேன். கனம் இருந்தால் சரக்கு இருக்கிறது. சாலைக் கடைத்தெருவில் எல்லோருக்கும் இதுதான் கணக்கு. இந்த ஊர் என்ஜினீயர்களில் பாதிப்பேர் என் கையை நம்பித்தான் வீடு கட்டினார்கள்.

பழவங்காடிப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடை. செந்தில் இன்டர்நெட்டில் படித்து ஒரு பவர் சப்ளை, அதாவது உள்ளே எல்லாவற்றுக்கும் கரன்ட் கொடுக்கிற பெட்டி, அதன் பெயரை எழுதி வைத்திருந்தான். கையில் வாங்கினேன்... அப்பளம் மாதிரி இருந்தது. பக்கத்தில் பெயர் தெரியாத இன்னொன்று, அதே வாட்ஸ் எழுதியிருந்தது. தூக்கினால் அம்மிக்கல்.

"நெட்டுல எழுதினவன் கையில தூக்கிப் பாத்தானாடே?" என்றேன்.

அவன் கையிலிருந்த சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். அம்மிக்கல்லையே வாங்கினோம்.

முதல் நாள் எல்லாம் ஜோர். ரெண்டாம் நாள் ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில் திரை கறுத்துப்போனது. உள்ளே ஃபேன் மட்டும் பொன்முடி மலை ஏறுகிற பஸ் மாதிரி முக்கியது. நிறுத்திப் போட்டால் சரியாகும். பத்து நிமிஷம் ஆடினால் மறுபடி இருட்டு...

கார்டின் டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துப் புதிதாகப் போட்டான். கார்டைக் கழற்றி, தங்க நிறப் பற்களை ரப்பரால் தேய்த்து மாட்டினோம். கேபிள் மாற்றினோம். பக்கத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேன் வைத்தோம். கடைசியில் கார்டைக் கடைக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். அங்கே நாள் முழுக்க ஓடியது, ஒரு குறையும் இல்லை என்று திருப்பித் தந்தார்கள். நல்ல கார்டை எடுத்துக்கொண்டு கெட்டதைத் தந்துவிட்டார்கள் என்று நான் அங்கேயே நின்று ஒரு பாட்டு பாடினேன்.

தெருக்கோடியில் ரிப்பேர் கடை வைத்திருந்த பாபு அதற்கு முன்பே வந்து பார்த்திருந்தான். மலையாளி, நம்மோடு பழகிப் பாதித் தமிழன். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டான்.

"அண்ணாச்சி, ஈ பவர் சப்ளை ஒண்ணு மாத்தி நோக்கட்டே?"

"அது என் கை பாத்த சாமானாக்கும். அதுல கை வைக்காத."

செந்தில் என்னையும் பார்த்தான், பாபுவையும் பார்த்தான். அக்கா புருஷனை மூன்றாம் ஆள் முன்னால் மறுத்துப் பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. அன்றைக்கு எனக்கு அது பெருமையாக இருந்தது.

தேர்வு ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். முதல் பாதியில் எதிராளிகளை அவன் ஒருத்தனே துவம்சம் பண்ணினான். நான் பின்னால் நின்று கை தட்டினேன். ரெண்டாம் பாதி தொடங்கி ஐந்து நிமிஷம்... இருட்டு. ஹெட்போனில் நாலு பேரும் அவன் பெயரைக் கூப்பிடுவது எனக்கே கேட்டது. அவன் திரும்பவும் உள்ளே போவதற்குள் ஆட்டம் முடிந்திருந்தது. மறுநாள் டீம் தலைவன் போன் பண்ணி, தன்மையாகப் பேசி, வேறு ஆளைச் சேர்த்துவிட்டதாகச் சொன்னானாம்.

மாமா திட்டவில்லை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, "நாளைக்கு நீ போய்க் கடையைத் தொறந்துரு" என்றார். செந்தில் "சரிப்பா" என்றான். தலை நிமிரவில்லை.

அந்த வாரமே பாபு வேறு சப்ளையை மாட்டி, கார்டைச் சோதிக்கிற புரோகிராமை ஓடவிட்டான். அன்று சாயங்காலம் வரை ஒரு தடவைகூடத் திரை கறுக்கவில்லை. ஆடத்தான் ஆளில்லை. பழையதைப் பிரித்துக் காட்டினான். உள்ளே நாலு சின்ன சாமான், அடியில் திருகு போட்டு முடுக்கிய ஒரு இரும்புத் தகடு... கனத்துக்காக.

செந்தில் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

"அத்தான், நம்ம கடையிலயும் இந்தத் தகடுதான விக்கோம்?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். பாபுவும் சிரித்தான். நான் அந்தத் தகட்டை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தேன்.

வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது ஆளாளுக்குப் போனில் பார்த்து, ரெண்டு நாளில் வீட்டுக்கே வரவழைத்து விடுகிறார்கள். கேட்டுச் செய்ய ஆள் வேண்டாம்... என்னை மாதிரி ஒருத்தன் குறுக்கே வரவும் வழியில்லை. அந்த டீமில் இருந்த கொல்லத்துக்காரன் வெளிநாட்டில் போய் ஆடுகிறானாம். செந்தில் கல்லாவில் இருக்கிறான். கெட்டிக்கார வியாபாரி, நானே பொறாமைப்படுகிற அளவுக்கு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்க மாட்டேன் என்கிறான். கடை லீவு என்றாலும் எங்கேயாவது போய்விடுகிறான்.

போன மாதம் மனசு கேட்கவில்லை. கல்லா பக்கத்தில் போய் நின்று, "புதுசா நல்ல கார்டெல்லாம் வந்திருக்காம்லா... ஒண்ணு வாங்குவமாடே?" என்றேன்.

பில்லில் இருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்:

"யாருக்கு அத்தான்?"