சாமி படத்துக்குக் கீழே ஒரு தொட்டி

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கால்வாய் கிடையாது. ஆனால் எங்களிடம் ஒரு கால்வாய்ப் படகு இருந்தது. ஊர் ஏக்கம் பிடித்த ஓர் ஆங்கிலேயர், தன் நாட்டுக் கால்வாய்களில் போகும் படகைப் போலவே ஒடுக்கமாக, நீளமாக ஒன்றைத் தன் கையாலேயே கட்டி, நகரத்தின் தெற்கே ஒரு கழிமுகத்தில் மிதக்க விட்டிருந்தார். பெரிய அலை வந்தால் அது தாங்காது. தண்ணீர் வடிந்தால் சேற்றில் உட்கார்ந்துகொள்ளும். வயதாகி அவர் அதை விற்க வந்தபோது மூன்று தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து வாங்கினோம். கடலுக்குப் போக முடியாத படகை வாங்க எங்களை விட்டால் அவருக்கு வேறு யார் கிடைத்திருப்பார்கள்?

முதல் குடும்பம் ஐ.டி. வேலையில் இருந்த ஒருவரும் அவர் மனைவியும். மனுரேவாவில் வீடு. படகு யோசனையே அவருடையதுதான். இரண்டாவது, நாங்கள் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிட்ட ஒரு யாழ்ப்பாணத்துக்காரரும் அவர் குடும்பமும். மூன்றாவது நாங்கள். நான் பாபகூராவில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். என் கணவர் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். எங்களுக்கு ஒரு மகள், இங்கேயே பிறந்தவள்.

படகை வாங்கியதில் எங்கள் வீட்டில் யாரையும்விட அதிகமாக மகிழ்ந்தது ஊரில் இருந்த என் மாமனார்தான். வீடியோ காலில் படகை முழுக்கச் சுற்றிக் காட்டச் சொன்னார். படகின் முன்பக்கம், படுக்கைக்கு மேலே ஐ.டி.க்காரரின் மனைவி ஒரு சின்னப் பலகையை ஸ்க்ரூ போட்டு மாட்டி முருகன் படம் வைத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு, "சாமியெல்லாம் வச்சிருக்கீங்களா? அப்ப அது வீடேதான்" என்றார் மாமனார். தன் மகன் படகு வைத்திருக்கிறான் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாராம்.

படகில் எல்லாம் இருந்தது, கழிப்பறையைத் தவிர. ஆங்கிலேயர் ஒரு வாளியும் அதன்மேல் ஓட்டை போட்ட ஒரு பலகையும் வைத்துக் காலத்தை ஓட்டியிருந்தார். அதைப் பார்த்த பெண்கள் மூவரும் அன்றே சொல்லிவிட்டோம், இது மாறாமல் ஒரு இரவுகூடத் தங்க மாட்டோம் என்று. அதற்காக மனுரேவா வீட்டு கராஜில் ஒரு கூட்டம் போட்டோம். வடை, சட்னி, டீ, நடுவில் மூன்று விளம்பரத் தாள்கள்.

மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, படகுக்குள்ளேயே பெரிய தொட்டி. நிறைந்ததும் துறைக்குக் கொண்டுபோனால் குழாயை மாட்டி இயந்திரம் உறிஞ்சிக்கொள்ளும். யார் கையும் படாது. இரண்டாவது, கேசட் என்கிறார்கள், மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டி. நிறைந்ததும் இழுத்து எடுத்து, கையால் தூக்கிக்கொண்டு போய்க் கரையில் அதற்கென்று இருக்கும் இடத்தில் ஊற்றிக் கழுவ வேண்டும். மூன்றாவது, மரத்தூள் போட்டு மக்க வைக்கும் வகை. அதைப் படித்த உடனேயே, "ஐயோ, உள்ளயே வச்சிருக்கறதா?" என்று ஒரு குரல் வந்தது. அந்தத் தாள் மடிக்கப்பட்டு வடை எண்ணெய் துடைக்கப் பயன்பட்டது.

நான் தொட்டி என்றேன். பத்து வருஷமாகப் பிறர் மலத்தைச் சுத்தம் செய்து சம்பளம் வாங்குகிறவள் சொல்கிறேன், இதில் கை படாத வழி இருக்கும்போது கை படுகிற வழியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்றேன். ஐ.டி.க்காரரின் மனைவி படகின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தார்.

"அக்கா, தொட்டி படுக்கைக்குக் கீழ வருது. அதுக்கு நேர் மேலதான் சாமி படம் இருக்கு."

"படத்த அந்தப் பக்கம் மாத்திக்கலாமே" என்றேன்.

"கிழக்குப் பாத்து வச்சது அக்கா. ஒரு தடவ வச்சத எடுக்கக் கூடாது."

படகு போகிற பக்கமெல்லாம் திரும்பும். அதில் கிழக்கு எது, மேற்கு எது? இதை நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். "அதுமேல படுத்துத் தூங்கவும் ஒரு மாதிரியா இருக்கும்ல" என்றார் ஐ.டி.க்காரர். ஆக, அசுத்தம் படுக்கைக்குக் கீழே மூடியபடி இருக்கக் கூடாது, ஆனால் அதை ஒரு மனிதர் கையில் தூக்கிப் போகலாம். "எல்லாரும் முறை வச்சு எடுத்துக்குவோம், மூணு குடும்பம், மூணு வாரம். இதுல என்ன இருக்கு?" என்று அவர் முடித்தார். கை தூக்கச் சொன்னார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார், பிறகு மெல்லக் கேசட்டுக்குக் கை தூக்கினார்.

வெளியே வரும்போது என்னிடம், "ஓம் தங்கச்சி, நீங்கள் சொன்னதுதான் சரி. ஆனா எல்லாரும் ஒரு பக்கம் நிக்கேக்கை நான் என்ன கதைக்கிறது?" என்றார். அவர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களால் எனக்கு நேர்ந்த அளவு கெடுதல் கெட்டவர்களால் நேர்ந்ததில்லை.

மனுகாவில் படகுச் சாமான் கடைக்கு எல்லோரும் போனோம். விற்பனையாளர் எத்தனை பேர், எத்தனை நாள் என்று கேட்டு, விரல் விட்டு எண்ணி, ஆறு பேருக்கு ஒரு பெட்டி இரண்டு மூன்று நாள் தாங்கும் என்றார். அவர் கணக்கு காகிதம் உபயோகிக்கிறவர்களின் கணக்கு. நாங்கள் தண்ணீர் உபயோகிக்கிறவர்கள். ஆளுக்கொரு மக் தண்ணீர், சிலருக்கு இரண்டு. இது அங்கே நின்ற ஆறு பெரியவர்களுக்கும் தெரியும். ஆனால் ஒரு வெள்ளைக்காரரிடம் வாயைத் திறந்து, "நாங்கள் கழுவுகிறவர்கள், இது போதாது" என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வேலையில் எதை வேண்டுமானாலும் கூச்சமில்லாமல் சொல்கிற நான், அன்று தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

முதல் முறை படகில் தங்கப் போன சனிக்கிழமை காலை மக் மட்டும் எல்லோர் பையிலிருந்தும் வந்தது. ஒரு நீலம், ஒரு பச்சை, ஒரு எவர்சில்வர் சொம்பு. மாலை நாலு மணிக்கே பெட்டி நிறைந்து சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. முறைப்படி அந்த வாரம் ஐ.டி.க்காரர் வீட்டு வாரம். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவருகே நின்றார். அவர் மனைவி என் தோளைத் தொட்டு, "அக்கா, நீங்க இதெல்லாம் பாத்துப் பழகினவங்கதானே. எனக்கு வாந்தி வந்துடும். இந்த ஒரு தடவ மட்டும்" என்றார். நான் எடுத்தேன். பெட்டி கனமாக இருந்தது. மரப்பாலம் முழுக்க நடந்து, கரையில் ஊற்றி, கழுவி, திரும்பக் கொண்டுவந்து சொருகினேன். அப்போது எனக்குக் கோபம் வரவில்லை. அடுத்த வாரம் அண்ணன் தன் முறைக்குத் தானே எடுத்தார், அதற்கடுத்த வாரம் நாங்கள். ஐ.டி.க்காரரும் ஒரு முறை கையுறை இரண்டு ஜோடி போட்டுக்கொண்டு எடுத்தார். இப்படி ஓடியது, பொங்கல் வரை.

பொங்கல் அன்று படகில்தான் பொங்கல் வைத்தோம். இங்கே அது வெயில் காலம். மேல்தட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, ஐ.டி.க்காரரின் சொந்த ஊரும் என் கணவரின் ஊரும் பக்கத்துப் பக்கத்து ஊர் என்று தெரிந்தது.

"அட, இத்தன நாள் சொல்லவே இல்லையேண்ணா! எந்தத் தெரு?"

தமிழ்நாட்டில் தெருவைக் கேட்பது விலாசத்துக்காக இல்லை. என் கணவருக்கும் அது தெரியும். சுற்றி வளைத்துப் பதில் சொல்லியிருக்கலாம். அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. "பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, நகராட்சிக் காலனி" என்றார்.

நகராட்சிக் காலனியில் யாரைக் குடி வைத்திருந்தார்கள் என்று அந்தப் பக்கத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். என் மாமனார் முப்பது வருஷம் அந்த ஊரின் சாக்கடைகளையும் கக்கூஸ்களையும் சுத்தம் செய்தவர். நான் அதே காலனியில் இரண்டு தெரு தள்ளிப் பிறந்தவள். "ஓ" என்றார் ஐ.டி.க்காரர். பிறகு, "பொங்கல் நல்லா வந்திருக்கு" என்றார். சாதி என்ற சொல் அன்றும் சரி, பிறகும் சரி, அந்தப் படகில் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

ஆனால் பெட்டி எங்களிடம் வர ஆரம்பித்தது. ஐ.டி.க்காரர் வீட்டு வாரம் முடிந்து நாங்கள் போனால் நிறைந்து கிடக்கும். கேட்டால் மறந்துவிட்டோம் என்பார்கள். பிறகு கேட்டால் சிரிப்பார்கள். அண்ணன் வீட்டு வாரத்திலும் அப்படியே நடக்கத் தொடங்கியது, அவர் மனைவிக்கு முதுகு வலியாம். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டி நாங்கள். என் கணவரை முன்பு 'அண்ணா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த ஐ.டி.க்காரர் இப்போது 'நீங்க' என்று மட்டும் சொன்னார். மரியாதை குறையவில்லை, உறவுதான் உதிர்ந்துவிட்டது.

அத்தனை பெட்டிகளையும் நானே தூக்கினேன். என் கணவரைத் தொட விடவில்லை. தன் மகன் கையில் இது ஒருநாளும் படக்கூடாது என்பதற்காகத்தான் மாமனார் வாழ்நாள் முழுக்க அதில் கை வைத்தார். வேலை முடிந்து வந்து, குளித்து முடிக்கும்வரை மகனைத் தூக்கக்கூட மாட்டாராம். மகனை டிப்ளமோ படிக்க வைத்து, கப்பலேற்றுவது போல் விமானம் ஏற்றி அனுப்பினார். நான் தூக்கினால் நர்ஸ் என்று பெயர். என் கணவர் தூக்கினால் அதற்கு வேறு பெயர். மகள் மட்டும் ஒருநாள் ஆங்கிலத்தில் கேட்டாள், ஏன் எப்போதும் நாமே செய்கிறோம் என்று. அம்மாவுக்கு நன்றாக வரும் என்று சொல்லிவிட்டேன். இதுவரை அவளிடம் சொன்ன பொய்களில் எனக்கு மிகவும் வெட்கம் தருவது அதுதான்.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்று குடும்பமும் படகில் சாப்பிடுவதாக ஏற்பாடு. எனக்குக் காலை ஷிஃப்ட். முடித்துவிட்டு நேராகப் படகுத் துறைக்குக் காரை ஓட்டினேன். காரிலிருந்து இறங்கும்போதே பார்த்துவிட்டேன். மரப்பாலத்தில் என் கணவர் பெட்டியை இரண்டு கையாலும் உடம்பைவிட்டு எட்டப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, தட்டுத் தடுமாறி வந்துகொண்டிருந்தார். மூடியை அவருக்குச் சரியாக இறுக்கத் தெரியவில்லை. ஓரமாகக் கசிந்து அவர் கையிலும் சட்டையிலும் வழிந்திருந்தது. அந்தத் தெருவில் பிறந்தவர்களுக்கு இது பிறவியிலேயே வரும் என்று நினைத்தவர்கள் அவர் அதைத் தூக்கிய விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவர்கள் பார்க்கவில்லை. மேல்தட்டில் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் படகுக்குப் போனேன். "இந்த வாரம் யாரு முறை?" என்று கேட்டேன்.

"எங்க முறைதான்" என்றார் ஐ.டி.க்காரர், ஒன்றும் நடக்காததுபோல. "நாங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம்ல. உங்களுக்கு ஷிஃப்ட்டுன்னு சொன்னாங்க. அவர் சும்மாதானே இருந்தாரு, அதான் பாக்கச் சொன்னேன்."

"அவரும் சாப்பிடத்தான் வந்தாரு."

அண்ணனைப் பார்த்தேன். "நீங்க சொல்லுங்கண்ணா, இது சரியா?" என்றேன். அவர் தட்டில் இருந்த வேர்க்கடலையை ஒவ்வொன்றாக ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டிருந்தார். அவ்வளவு கவனமாக ஒருவர் வேர்க்கடலை ஒதுக்கி நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வரவில்லை. அந்தத் தட்டுகளைக் கழிமுகத்தில் வீச வேண்டும் என்று மட்டும் கை துடித்தது. படகுச் சாவியை எடுத்து முருகன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன்.

கரைக் குழாயில் என் கணவர் கை கழுவிக்கொண்டிருந்தார். சோப்பு தீர்ந்து போயிருந்தது. வெறும் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்து முழங்கை வரை சிவந்திருந்தது. ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன். "கேட்டப்ப எல்லாரும் என்னையே பாத்தாங்க. மாட்டேன்னு சொல்ல வாய் வரல" என்றார். குழாயை மூடிவிட்டு, "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத" என்றார்.

அந்த வாரமே பங்கிலிருந்து விலகினோம். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மாமனாருக்கு மட்டும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் படகைப் பற்றிக் கேட்பார். நன்றாக இருக்கிறது என்று இவரும் சொல்லுவார்.

இரண்டு மாதம் கழித்து அண்ணன் எனக்கு ஒரு போட்டோ அனுப்பினார். மன்னிப்புக் கேட்பதாக நினைத்து அனுப்பினாரோ என்னவோ. படகில் புதிதாகப் பெரிய தொட்டி பொருத்தியிருந்தார்கள், படுக்கைக்குக் கீழே, வரைபடத்தில் இருந்த அதே இடத்தில். இப்போது தூக்க ஆள் இல்லையே. முருகன் படத்தை எதிர்ப்பக்கச் சுவருக்கு மாற்றியிருந்தார்கள். மேற்குப் பார்த்து இருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு போனைக் கணவரிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கி, விரலால் பெரிதாக்கி, ரொம்ப நேரம் பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வழக்கம்போலப் படகைக் கேட்டார். ஒரு போட்டோகூட அனுப்ப மாட்டேன் என்கிறாயே, தெருவில் கேட்கிறார்கள் என்று குறைப்பட்டார். கையில் வேறு போட்டோ இல்லாததால் இவர் அதையே அனுப்பினார். மாமனார் கண்ணாடிக் கூட்டைத் திறக்கிற சத்தம் போனில் கேட்டது.

"சாமி படத்த இடம் மாத்திட்டீங்களாப்பா? கஷ்டமா இல்லையா?"

"இல்லப்பா" என்றார் என் கணவர். "நாலு ஸ்க்ரூதான்."