குப்புறப் படுக்க வைத்தவள்

லோடுமேனுக்குக் கால் நசுங்கிய அன்று அவன் பெண்டாட்டிக்கு இடது காது வீங்கியிருந்தது. சட்டை காயவில்லை என்று காலையில் விட்ட அறை அது. அந்தக் காதோடு லாட்ஜ் லாண்டரிக்குப் போய் ஈரப் படுக்கை விரிப்புகளைப் பிழிந்துகொண்டிருந்தாள். லாரியிலிருந்து இறக்கும்போது இரும்புக் கம்பிக் கட்டு சரிந்துவிட்டது என்று ஆள் வந்து சொன்னபோது, கையிலிருந்த விரிப்பைப் பிழிந்து முடித்து உதறிப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினாள்.

பெரியாஸ்பத்திரியில் காலைக் காப்பாற்றப் பார்த்தார்கள். பாதம் கறுத்து நாற்றம் எடுத்தபிறகு முழங்காலுக்கு ஒரு சாண் கீழே வெட்டினார்கள். அந்தக் கட்டிலுக்கு அடுத்த ஆள் வராந்தாவில் பாய் விரித்துக் காத்திருந்தான். அதனால் தையல் பிரித்த கையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று சொன்னார்கள். மீதிக் காலை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியவர் அன்று லீவு.

வீட்டில் இருந்தது ஒரே தலையணை. அதை அவன் முழங்காலுக்கு அடியில் கொடுத்தாள். வலி கொஞ்சம் அடங்கியது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "பொண்டாட்டின்னா இப்படி இருக்கணும்" என்று மெச்சிவிட்டுப் போனார்கள். தலையணை மாதக்கணக்கில் அங்கேயே இருந்தது.

கால் போனால் கை சும்மா இருக்குமா? தட்டு பறந்தது, செம்பு பறந்தது. அவளைத் துரத்திப் பிடிக்க முடியாத ஆத்திரத்தில் ஊன்றுகோலைச் சுழற்றப் பழகிக்கொண்டான். ஒரே அறை வீடு. படுத்த இடத்திலிருந்தே நாலு சுவருக்கும் எட்டியது. அவளும் மகளும் சுவரோடு சுவராக நடந்தார்கள்.

அண்ணன் ஆட்டோ ஓட்டுகிறவன். ஸ்டாண்டுக்கே போய்க் கேட்டாள்.

"அண்ணே, புள்ளையக் கூட்டிட்டு உன் வீட்டுக்கு வந்துடறேன்."

"அவனுக்குக் கால் இருக்கறப்பவே வந்திருக்கலாம்ல?"

"வந்தேன். நீதான் சமாதானம் பேசித் திருப்பி அனுப்பினே. அதுவும் உன் ஆட்டோவுலயே."

அண்ணன் துடைத்த ஆட்டோக் கண்ணாடியையே மறுபடி துடைத்தான். "இப்ப விட்டுட்டு வந்தா ஊரே காறித் துப்பும்மா. கால் இல்லாதவனை அம்போன்னு விட்டுட்டாம்பாங்க. நடந்து வந்தா கோடவுன்ல வாட்ச்மேன் வேலை தர்றேன்னு லாரி ஓனர் சொல்லியிருக்காரு. அவன் சொந்தக் கால்ல நிக்கட்டும். மறுநாளே வா. முன் ரூம் உனக்குத்தான். என் புள்ளைங்க மேல சத்தியம்."

"சொந்தக் காலுக்கு எங்க போறது? அதை ஆஸ்பத்திரியில குப்பையில போட்டுட்டாங்க."

"சரி, இரவல் கால்ல நிக்கட்டும்."

அந்தச் சத்தியத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். அன்றிலிருந்து லோடுமேன் நடக்க வேண்டும் என்று அவனைவிட அவள்தான் துடித்தாள்.

செயற்கைக் கால் மையம் இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் இருந்தது. பிசியோ பார்க்கிற பெண் அவனை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலுக்கு அடியில் கையை மடக்கி விட்டுப் பார்த்தாள்.

"என் முஷ்டி உள்ள போயிட்டு வருது. இப்படி மடங்கின காலுக்கு நாங்க கால் செஞ்சு கொடுத்தா, உக்கார்ந்துக்கிட்டு ஆட்டலாம். நடக்க முடியாது. அடியில தலையணை வச்சீங்களா?"

கேள்வி முடியவில்லை. லோடுமேன் எட்டி, பெண்டாட்டியின் கன்னத்தில் இழுத்து ஒன்று வைத்தான். "வச்சவ இவதான்! என் காலைக் கெடுத்தவ இவதான்!"

"யோவ்!" பிசியோ பெண் அதட்டினாள். "இன்னொரு தடவை கை நீண்டுச்சு, வாட்ச்மேனைக் கூப்பிடுவேன். அவருக்கு ரெண்டு காலும் நல்லா இருக்கு."

அடிபட்டவள் கன்னத்தைத் தடவக்கூட இல்லை. "இப்ப நீட்டினா நீளுமா?" என்று கேட்டாள்.

"இன்னும் முழுசா இறுகல. தினம் செஞ்சா நீளும். ஆனா கத்துவாரு."

"கத்தட்டும்."

வெந்நீரில் முக்கிப் பிழிந்த துண்டை முழங்காலில் சுற்ற வேண்டும். பிறகு மீதிக் காலின் நுனியை உள்ளங்கையால் மெல்ல அழுத்தி, அப்படியே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். வெடுக்கென்று அமுக்கவே கூடாது. மல்லாக்கவும் செய்யலாம், குப்புறவும் செய்யலாம். பிசியோ பெண் இரண்டையும் செய்து காட்டி அனுப்பினாள்.

வீட்டில் முதல் நாள் மல்லாக்கப் படுக்கவைத்தாள். டம்ளர் வந்து உதட்டைக் கிழித்தது. மறுநாள் அவனைக் குப்புறப் படுக்கவைத்து, தொடைமேல் ஏறி, அவன் தலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டாள். குப்புறப் படுத்தவன் கை பின்னால் வந்து ஓங்காது. இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

அழுத்த ஆரம்பித்தாலே அவன் பாயைக் கடிப்பான். பிறகு வாய் திறக்கும்.

"உன் வம்சமே விளங்காதுடி!"

"என் வம்சத்துல உங்க மகளும் இருக்கா. பார்த்துத் திட்டுங்க."

"எழுந்தேன்னா உன்னை வெட்டிப் புதைப்பேன்!"

"அதுக்காவது எழுந்திருங்க."

பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டி, "கொலை கிலை நடக்குதா?" என்று கேட்டாள். "இல்லக்கா, வைத்தியம் நடக்குது" என்று மகள் பதில் சொன்னாள்.

கால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. முஷ்டி நுழைந்த இடத்தில் மூன்று விரல் நுழைந்தது. அந்த நேரத்தில்தான் ஒரு மத்தியானம், தண்ணீர் கொண்டுவரத் தாமதமானதென்று அவன் மகளை ஊன்றுகோலால் அடித்தான். புருவம் பிளந்து கண்ணெல்லாம் ரத்தம். லாண்டரியிலிருந்து ஓடிவந்தவள், பெரியாஸ்பத்திரியில் தையல் போட்டுக் கூட்டிவந்தாள். எப்படி ஆச்சு என்று கேட்ட நர்ஸிடம், "விழுந்துட்டா" என்று சொன்னாள். உண்மையைச் சொன்னால் அவனைப் போலீஸ் கூட்டிப்போகும். அப்புறம் எந்தக் காலில் நிற்பான்?

வீட்டுக்கு வந்து துண்டைக்கூடச் சுற்றவில்லை. அவனைப் புரட்டிப் போட்டு, ஏறி உட்கார்ந்து, ஈர விரிப்பை முறுக்குகிற கையால் தன் முழுப் பாரத்தையும் வைத்து ஒரே அமுக்காக அமுக்கினாள். உள்ளே ஏதோ கறக்கென்றது. அவன் போட்ட சத்தத்தில் தெருவே வாசலில் கூடியது. அவளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்த மாதிரி இருந்தது. இன்னொரு முறை அமுக்கலாமா என்றும் இருந்தது.

முழங்கால் தேங்காய்போல் வீங்கிவிட்டது. தொடவே முடியவில்லை. சம்பாதித்த நீட்டம் முழுக்கப் போயிற்று.

பிசியோ பெண் வீக்கத்தைப் பார்த்தாள், பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள். "கோபத்துல அமுக்கினீங்களா?"

"ஆமாம்மா."

"கோபமா இருந்தா அன்னிக்கு விட்டுடுங்க."

"அப்ப ஒரு நாளும் செய்ய முடியாதும்மா."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள். "பாருங்கம்மா, வேகமா அமுக்கினா சதை பயந்து இன்னும் இறுகிக்கும். உங்களுக்கு அவரு நடக்கணுமா, கத்தணுமா? முடிவு பண்ணிக்கிட்டு வாங்க."

வீக்கம் வடிகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வெளியே போகும்போதெல்லாம் ஊன்றுகோலை லாண்டரிக்கே எடுத்துப் போனாள். லாட்ஜின் கனத்த போர்வைகளை எல்லாம் தானே கேட்டு வாங்கி, கை சோரும்வரை பிழிந்து, சோர்ந்த கையோடு வந்து அவன்மேல் உட்கார்ந்தாள். சோர்ந்த கை நிதானமாக அழுத்தியது. மறுபடி மூன்று விரல், இரண்டு விரல், கடைசியில் ஒரு விரலும் நுழையாமல் கால் பாயோடு படிந்தது.

அளவெடுத்தார்கள். கால் வந்தது. மையத்திலேயே தங்கவைத்துக் கம்பிகளுக்கு நடுவே நடக்கவிட்டார்கள். பிறகு கம்பியில்லாமல், ஒற்றைத் தடியோடு. விழுந்தால் தானாக எழுந்திருக்கவும் பழக்கினார்கள். கோடவுன் வேலை உறுதியானது.

வீட்டுக்கு அழைத்துப்போகிற நாளில் அவளும் மகளும் பையோடு வந்து மையத்து முற்றத்தில் நின்றார்கள். வாசலுக்கு வெளியே அண்ணன் ஆட்டோவில் இருந்தான். லோடுமேன் நடந்தே வந்தான். நன்றாகத்தான் நடந்தான்.

"எப்படி?" என்றான்.

"நல்லா இருக்கு. சாயங்காலம் கழட்டினதும் தோலைப் பாருங்க. சிவந்திருந்தா மறுநாள் மாட்டாதீங்க. வீட்டுச் சாவி இந்தாங்க. நானும் புள்ளையும் அண்ணன் வீட்டுக்குப் போறோம். திரும்பி வர மாட்டோம்."

புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் தடியை ஓங்கிக்கொண்டு பாய்ந்தான். அவள் ஒரு எட்டு விலகினாள். தடி காற்றை அடித்தது; அவன் சிமெண்ட் தரையில் முகம் மோத விழுந்தான். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. மையத்து ஆள் ஓடிவந்தான்.

"விடுங்க தம்பி. எழுந்திரிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கீங்கல்ல" என்றாள்.

மகளைக் கூட்டிக்கொண்டு வாசலைத் தாண்டி நின்றாள். அவன் அவளுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினான். பிறகு கையை ஊன்றினான், நல்ல காலை மடக்கினான், வழுக்கினான், மறுபடி ஊன்றினான். ரத்தம் சட்டையில் சொட்ட, தடியைப் பிடித்து எழுந்து நின்றான்.

அண்ணன் வாய் திறக்கப் போனான்.

"நிக்கிறானா?" என்று கேட்டாள்.

"நிக்கிறான்."

"அப்ப வண்டியை எடு."