பருந்துக்கு வைத்த விளக்கு

எங்கள் தோட்டம் வாளையார் அணைத் தண்ணீரின் ஓரத்தில் முடிகிறது. முடிகிற இடத்தில் ஒரு மொட்டைப் பனை நிற்கிறது. இடி விழுந்து தலை போன பனை. வெட்டிப் போடுங்கள் என்று பலரும் சொன்னார்கள். எனக்குத்தான் கை வரவில்லை. அந்தப் பனையில் வந்து உட்கார்ந்த ஒரு பறவையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் என் சம்சாரம் மாடு கட்டும் கட்டுத்தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். எலும்பு கூட வேண்டுமென்றால் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். அவளோ தட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பினாள். "எந்திரிச்சு ஒரு சொம்புத் தண்ணி மொள்ள முடியல, எனக்கு எதுக்குங்க சோறு?" என்பாள். வாசல் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு அவளைப் படுக்க வைத்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால் பனை நேராகத் தெரியும்.

ஐப்பசியில் ஒரு நாள் அந்தப் பறவை வந்தது. பருந்து மாதிரிதான், ஆனால் நெஞ்சும் வயிறும் வெள்ளை. கண்ணோரத்தில் மை இழுத்தாற்போல் ஒரு கறுப்புக் கோடு. அணையிலிருந்து மீனைத் தூக்கிக்கொண்டு வந்து, பனை உச்சியில் உட்கார்ந்து நிதானமாகக் கிழித்துத் தின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, "ஏனுங்க, சோறு இருக்குதுங்களா?" என்றாள்.

நான் சோற்றைக் கொண்டு ஓடினேன். அன்றிலிருந்து அது தின்னும்போதுதான் இவளும் சாப்பிட்டாள். "வேகமாப் போடுங்க, நம்மாளு பாதி மீனை முடிச்சிருச்சு" என்று என்னை விரட்டுவாள். மாசி முடிவதற்குள் கம்பை ஊன்றி எழுந்து நின்றுவிட்டாள். பங்குனியில் பறவை போய்விட்டது. அதன் முதுகில் கம்பி மாதிரி ஏதோ நீட்டிக்கொண்டிருப்பதாக அவள் சொன்னபோது, காற்றாடி நூல் மாட்டியிருக்கும் என்று நான் சொல்லிவிட்டேன்.

அது நூல் இல்லை என்பது இந்த ஆவணியில் தெரிந்தது. பறவைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒரு மலையாளத்துப் பெண் எங்கள் தோட்டத்தைத் தேடி வந்தது. செல்போனில் ஒரு வரைபடத்தைக் காட்டியது. எங்கள் பனை இருக்கும் இடத்தில் எறும்பு மொய்த்ததுபோல் புள்ளிகள். ரஷ்யாவின் வடக்கே ஒரு ஏரிக்கரையில் இந்தப் பறவையைப் பிடித்து, முதுகில் சின்னக் கருவியைக் கட்டி விட்டிருக்கிறார்களாம். அது போகிற இடமெல்லாம் புள்ளியாக விழுமாம்.

"தமிழில் விரால் அடிப்பான் என்று பேர் அங்கிள்" என்றது அந்தப் பெண்.

"வெராலா? இந்த அணையில இருக்கறது பூராம் ஜிலேபிக் கெண்டைதான் கண்ணு" என்றாள் என் சம்சாரம்.

என் போனிலும் அந்த வரைபடத்தைத் திறக்க அந்தப் பெண் வழி செய்து கொடுத்தது. குளிர் தொடங்குவதற்குள் அது தெற்கே கிளம்பிவிடும், போன வருஷம் வந்த மரத்துக்கே வரப் பார்க்கும் என்றது. நான் திருப்பதிக்கு வடக்கே போனதில்லை. வழி சொல்ல ஒரு ஆள் இல்லாமல் பாலைவனமும் மலையும் தாண்டி, தலை போன ஒரு பனையை நினைவு வைத்துக்கொண்டு வருகிறதென்றால் அதைக் கூட்டி வருவது யார்?

சாயங்காலம் சாமி விளக்கை ஏற்றிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு அவள் கட்டிலில் உட்காருவேன். இருவரும் புள்ளியைப் பார்ப்போம். ஒரு ஆற்றங்கரையில் நாள் கணக்காகத் தங்கியது. "மலையேறோணுமல்லங்க, நல்லாத் தின்னுக்குதாட்டம் இருக்குது" என்றாள். பிறகு மலைக்குள் போனது. போனதும் புள்ளி நின்றுவிட்டது. இன்று வரும், நாளை வரும் என்று பார்த்தோம். வரவில்லை. அவள் மறுபடி பாதித் தட்டில் கையைக் கழுவத் தொடங்கினாள்.

அது புரட்டாசி மாதம். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மலைக்கோயிலுக்குப் போய்ப் பெருமாளைச் சேவிப்பது எங்கள் குடும்ப வழக்கம். இவளைத் தனியாக விட்டுப் போக முடியாததால், முதல் சனிக்கிழமை பனையடியைப் பெருக்கி, ஒரு அகல் ஏற்றி, துளசி வைத்து, "உன் வாகனத்து இனம். பத்திரமாகக் கொண்டு வந்து சேர்த்துவிடு" என்று வேண்டிக்கொண்டேன். இரண்டு நாளில் புள்ளி ராஜஸ்தானில் விழுந்தது. நான் அழுதேவிட்டேன்.

அந்த சந்தோஷத்தில் பக்கத்துத் தோட்டத்துப் பங்காளியிடம் சொன்னேன். ஒன்றுவிட்ட அண்ணன், வாய் சும்மா இருக்காது.

"ஏன்டா, கருடாழ்வாருங்கற, மீன் திங்குதுங்கற. பொரட்டாசியில ஊரே கவுச்சிய உட்டுப்போட்டு இருக்கறப்ப, சாமி மட்டும் மீன் திங்குதாக்கும்?"

"அது பறவைங்ண்ணா. அதுக்கேது பொரட்டாசி?"

"அப்பறம் எதுக்குடா வெளக்கு?"

அந்தக் கேள்வியை இன்றைக்கும் எனக்கே கேட்டுக்கொள்கிறேன்.

சிரித்துவிட்டுப் போனவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அடுத்த சனிக்கிழமை பத்துப் பதினைந்து பேர் வந்து நின்றார்கள். சுண்டலும் பொரியும் வந்தன. நான் புள்ளியைக் காட்டினேன். பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதற்கடுத்த வாரம் யாரோ பனைக்கு மஞ்சள் துணி சுற்றி, பெயிண்டில் நாமம் போட்டுவிட்டார்கள். இளவட்டங்கள் மைக் செட்டுக்குச் சொல்லிவிட்டார்கள்.

"மைக்கு செட்டு என்னத்துக்குங்க? அது என்ன கண்ணாலத்துக்கா வருது?" என்றாள் என் சம்சாரம்.

"சனம் ஆசைப்படுது புள்ள."

"அது தனியா வந்து தனியாக் குந்தீட்டு இருந்தது. சும்மா உட்டாத் தேவலை."

அவள் சொன்னது எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் சாமி காரியமாக ஒன்று சேர்ந்து வருகிறவர்களை எந்த வாயால் வேண்டாம் என்பது? முதல் விளக்கு வைத்தவன் நான்தானே. அந்த மாதம் முழுக்க என் தோட்டத்தில் கோவிந்தா என்று சொல்லாத வாய் இல்லை. அதில் எனக்கும் ஒரு பூரிப்பு இருந்தது. அதையும் சேர்த்துத்தான் இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

கடைசிச் சனிக்கிழமைக்கு முந்தின நாள் அந்தப் பெண் போன் செய்தது. புள்ளி பவானிப் பக்கம் வந்துவிட்டது, நாளையே வந்து சேர்ந்துவிடும் என்றது. "மரத்துப் பக்கம் யாரும் போக வேண்டாம் அங்கிள். தூர நின்று பார்த்தால் போதும்" என்றது. பங்காளி அண்ணனிடம் ஓடினேன்.

"தூரமா நிக்கச் சொல்லுங்ண்ணா."

"கோயலுக்கு வர்ற சனத்தைத் தூரமா நில்லுன்னு எவஞ்சொல்லுவான்? நீ சொல்றயா?"

நான் சொல்லவில்லை.

காலையில் நல்ல வெயில். பனை நன்றாகத் தெரிகிறாற்போல் அவள் கட்டிலை வாசலில் முன்னால் இழுத்துப் போட்டோம். சேலை மாற்றி, தலையில் ஒரு துண்டு பூ வைத்துக்கொண்டிருந்தாள். தட்டில் தயிர்ச்சோறு. "அது வந்து குந்தட்டும்" என்று மூடி வைத்திருந்தாள்.

பனையடியில் எள் விழ இடமில்லாத கூட்டம். மைக்கில் பாட்டு. வெயில் ஏறி வரும்போது அணையின் வடக்கு ஓரத்தில் தெரிந்தது. முதலில் அவள்தான் பார்த்தாள். "அதா, அதா நம்மாளு!" தண்ணீருக்கு மேல் தாழப் பறந்து, ஒருதரம் விழுந்து எழுந்து, காலில் ஒரு மீனோடு நேராகப் பனையைப் பார்த்து வந்தது. அத்தனை தூரம் வந்த அசதியில் முதல் மீனைத் தின்ன, தெரிந்த இடத்துக்கு வந்தது.

கோவிந்தா என்று கூட்டம் ஒரே குரலாகக் கத்தியது. அதே நேரம் பங்காளி அண்ணன் சரவெடியைக் கொளுத்திவிட்டார். கேலி பேசியவர்தான், தன் செலவில் வாங்கி வந்திருந்தார். கண்ணில் நீர் வழிய நின்றுகொண்டிருந்தார். அவரை நான் எப்படிக் குறை சொல்வேன்?

பறவை உதறிக்கொண்டு மேலே எழும்பியது. மீன் கீழே விழுந்தது. புகைக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றியது. ஜனங்கள் அதைப் பிரதட்சிணம் என்று நினைத்துக் கைகூப்பினார்கள். நானும் கூப்பினேன். பிறகு அது தெற்கே திரும்பிப் போய்விட்டது.

விளக்குக்குப் பக்கத்தில் அந்த மீன் துடித்துக்கொண்டிருந்தது. புரட்டாசி விரதம், யாரும் தொடவில்லை. அடங்கும்வரை சுற்றி நின்று பார்த்தோம்.

வாசலுக்கு வந்தேன். தட்டு மூடினபடி இருந்தது.

"மீனைப் போட்டுட்டுப் பசியோட போயிருச்சுங்க" என்றாள். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் புள்ளி வாளையாரில் விழவே இல்லை. தெற்கே போய், பீர்மேட்டு மலைக்கு அந்தப் பக்கம், வண்டிப்பெரியாரையும் தாண்டி, காட்டுக்குள் இருக்கும் பெரிய ஏரியில் தங்கிவிட்டது. அங்கே தண்ணீருக்குள் பட்டமரங்கள் நிறைய நிற்கின்றன, உட்கார இடத்துக்குக் குறைவில்லை என்று அந்தப் பெண் போனில் சொன்னது. என்ன நடந்தது என்று கேட்டது. சொன்னேன். "பாவம் அங்கிள்" என்றது. யாரைப் பாவம் என்றது என்று நான் கேட்கவில்லை.

ஆளெல்லாம் போன பிறகு மஞ்சள் துணியை அவிழ்த்தேன். நாமத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துப் பார்த்தேன், மண்ணெண்ணெய் விட்டும் பார்த்தேன். பெயிண்ட் பனையின் சொரசொரப்புக்குள் இறங்கிவிட்டது. பெருமாள் நாமத்தைச் சுரண்டுகிறோமே என்று தோன்றியதும் பாதியில் விட்டுவிட்டேன்.

சாயங்காலம் இப்போதும் போனை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்காருகிறேன்.

"இன்னைக்கு எங்கிருக்குதுங்க?"

"அங்கயேதான்."

"மீனு கெடைக்குதாமா?"

"நல்லாக் கெடைக்குதாமா."

"அப்பச் சரி, போடுங்க" என்கிறாள். சாப்பிடுகிறாள். பனையைப் பார்த்துச் சாப்பிட்டபோது சாப்பிட்ட அளவு இல்லை. கம்பை ஊன்றிப் பனை வரை நடந்து போக வேண்டும் என்று போன தையில் சொன்னவள், இப்போது வாசலைத் தாண்ட ஆசைப்படுவதில்லை.

நேற்று கை கழுவிக்கொண்டே சொன்னாள்: "வர்ற பொரட்டாசிக்கு அங்க ஒண்ணும் பண்ணாதீங்க. வெளக்குக்கூட வேண்டாம்."

சரி என்று சொல்லிவிட்டேன். அதைச் சாமியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.