வெள்ளி உரிந்த கார் விளக்கு

எனக்கு எண்பத்தெட்டு முடிந்துவிட்டது. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஏழு பேரில் கைநாட்டு ஒருவரும் இல்லை. நான் மூன்றாம் வகுப்பு, அதுவும் பாதி. மீதிப் பாதியை யார் தின்றார்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து மெதுவாகத்தான் வரும். கோபம் மட்டும் வேகமாக வருகிறது.

உலகச் சண்டை முடிந்த சமயம் அது. அப்பா தூத்துக்குடியில் வாடகைக் கார் ஓட்டினார்கள். துறைமுகத்தில் இறங்குகிறவர்களை ஆழ்வார்திருநகரி வரைக்கும் கொண்டுபோய் விடுவார்கள். சண்டைக் காலத்தில் எதிரிக் கப்பல் வெளிச்சத்தைப் பார்த்துவிடும் என்று கார் விளக்குகளுக்குக் கறுப்பு மை பூசி, ஒரு கீற்று மட்டும் விட்டிருந்தார்கள். மையோடு உப்புக் காற்றும் சேர்ந்து இரண்டு விளக்கும் துருவேறிப் போயின. அப்பா சொல்லிவைத்து, கொழும்பிலிருந்து வந்த தோணியில் வேறு விளக்கு ஒரு ஜோடி வந்து இறங்கியது.

மாட்டுவதற்கென்று வைத்த சனிக்கிழமை காலையில் என் சிலேட்டைக் காணோம். தேடினால் தம்பியின் பாய்க்கடியில் கிடந்தது. அவன் இன்னும் பள்ளிக்கூடத்தில் சேராதவன். சிலேட்டின் மரச்சட்டத்தில் ஆணியால் புதிதாக ஓர் எழுத்து கீறியிருந்தது. அவன் பெயரின் முதல் எழுத்து. வாசித்தேன். பயல் கிறுக்கியிருக்கிறான் என்று பிடுங்கிக்கொண்டேன்.

முற்றத்தில் அப்பா பழைய விளக்கின் திருகாணிகளை மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, தட்டித் தட்டிக் கழற்றினார்கள். வந்த விளக்கின் கண்ணாடியைத் திறந்தால் உள்ளே பளபளவென்று ஒரு கிண்ணம். வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பது அதுதான். லேசாக மங்கியிருந்தது. அப்பா சித்தப்பாவிடம் ஏதோ சொல்லிவிட்டு பல்பு வாங்க பஜாருக்குப் போனார்கள். சித்தப்பா ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"ஏளா, நல்லாத் தேய்ச்சு வை. மூஞ்சி தெரியணும். இந்தா வாரேன்."

எங்கே வந்தார்? சீட்டாடப் போய்விட்டார்.

நானோ, மாதா கோயில் திருநாளுக்கு மெழுகுவர்த்தி வைக்கும் பித்தளைத் தண்டுகளைத் தேய்த்துச் சாமியார் வாயாலேயே நல்ல பெயர் வாங்கியவள். புளி, சாம்பல், சலித்த கடற்கரை மணல். கை காந்தக் காந்தத் தேய்த்தேன். கிண்ணம் பொன்னாக மாறிக்கொண்டே வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த கிண்ணத்தை எடுப்பதற்குள் அம்மா தண்ணீர் எடுக்கக் கூப்பிட்டுவிட்டாள். அம்மா மாசமாக இருந்தாள், குடம் தூக்க முடியாது.

திரும்பி வந்த சித்தப்பா கிண்ணத்தைப் பார்த்தார். முகம் சுருங்கியது. அப்படியே மாட்டி, கண்ணாடியை மூடிவிட்டார்.

பொழுது சாயும்போது அப்பா காரைச் சுண்ணாம்புச் சுவருக்கு நேரே நிறுத்தி விளக்கைப் போட்டார்கள். சுவரில் ஒரு பக்கம் நிலா. மறுபக்கம் காமாலைக் கண்.

"ஏலே, பஞ்சால ஒத்தி எடுன்னு உங்கிட்டல்லா சொன்னேன்? வெள்ளிப் பூச்சு பூரா போச்சேல!" என்றார்கள் அப்பா.

"நான் என்ன செய்ய அண்ணே? உங்க மவ கையில பஞ்சைக் குடுத்துத்தான் சொன்னேன். பெரிய படிப்பு படிக்காள்லா, வெள்ளி எது பித்தளை எதுன்னு தெரியல பாத்தீயளா."

"பஞ்சு குடுக்கல! தேய்ச்சு வையின்னுதான் சித்தப்பா சொன்னாவ!" என்று கத்தினேன். கன்னத்தில் ஒன்று விழுந்தது.

"பெரியாளுகள எதுத்துப் பேசத்தான் அங்கன சொல்லிக் குடுக்காவளோ? திங்கக்கெழமயிலருந்து பள்ளிக்கூடம் போவாண்டாம். தேய்க்கத்தான ஆசை? வீட்டுல பாத்திரம் கெடக்கு, தேய்" என்றார்கள் அப்பா.

அம்மா தலையைத் தூக்கவே இல்லை.

அடுத்த தோணியில் வேறு கிண்ணம் வந்தது. கார் இரண்டு கண்ணோடு ஓடியது. என்னைத்தான் யாரும் திருப்பி மாட்டவில்லை. அதற்குப் பிறகு சித்தப்பா சாப்பிட்ட தட்டை நான் கழுவியதில்லை. அவர் செத்ததற்கும் அழவில்லை. எல்லாப் பாவத்தையும் சாமியாரிடம் சொன்னேன். இதைச் சொல்லவில்லை.

என் மூத்தவனுக்குச் சிலேட்டு வாங்கி, சட்டத்தில் பெயர் கீற ஆணியை எடுத்தபோதுதான் என் கை நின்றது. தம்பிக்கு அன்றைக்கு 'அ'னாவே தெரியாது. எழுத்துத் தெரியாதவன் எழுத்தை எப்படிக் கீறுவான்? ஒரே இழுப்பு, ஆழமான கீறல். திருகாணி முறுக்கிப் பழகிய அப்பாவின் கை. நான் கிண்ணத்தைத் தொடுவதற்கு முன்னாலேயே சிலேட்டு கைமாறிவிட்டது. ஒன்பது வயதில் எனக்கு அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது. சித்தப்பாவுக்கென்று வைத்திருந்த கோபத்தில் பெரும்பங்கை அன்றைக்கு எடுத்து அப்பாவுக்கு வைத்தேன்.

ஏளா பேத்தி, இங்கன வந்து உட்காரு. இதை எனக்குச் சத்தமாக வாசி. பிழை கிடந்தால் கிடக்கட்டும், திருத்தாதே. அப்பா வருகிற இடத்தில் மட்டும் குரலை இறக்காதே.