ஆத்தூர்ப் பக்கத்து இங்கிலீஷ் வீடும் இரண்டு இழை நூலும்

வெண்ணந்தூரில் புது வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியாகியிருந்தது. இங்கிலீஷ் கிராமத்து வீடு போலத்தான் கட்டப்போகிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லியும் விட்டிருந்தேன். என் சம்சாரம் பாவாயிதான் முட்டுக்கட்டை. "அந்த மாதிரி ஊட்டை என் கண்ணுல காட்டாமக் கட்டினீங்கன்னா, பால் காச்ச நான் வரமாட்டனுங்க" என்றாள். அவள் வராமல் பால் காய்ச்ச முடியாது. பால் காய்ச்சாமல் எங்கள் மூன்று தறியும் அங்கே குடியேறாது. ஆகவே சென்ற மாசியில், அந்த மாதிரி வீடுகள் இருக்கும் ஆத்தூர்ப் பக்கத்துக்கு இருவரும் கிளம்பினோம். போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

காலை ஐந்தரைக்கு பஸ். சேலம் பதினைந்து மைல், ஆளுக்கு ஐந்தணா. என்னைக் கண்டதும் டிரைவர் முன் சீட்டைத் துடைத்துக் கொடுத்தார். (பாவாயி இதை வேறு மாதிரி சொல்வாள், அவளைக் கேட்க வேண்டாம்.) ஏழரைக்கு ஆத்தூர் பஸ், முப்பத்திரண்டு மைல், பத்தணா. ஒரு மேட்டில் வண்டி நின்றுவிட்டது. நான் ஒற்றைக் கையால் தள்ளினேன், மற்ற பதினோரு பேரும் சும்மா தொட்டுக்கொண்டு வந்தார்கள். ஆத்தூரிலிருந்து மூன்று மைல் மாட்டுவண்டி, நாலணா. போய்ச் சேர மணி பதினொன்றரை.

மலையடிவாரத்தில் ஓர் இஞ்சினியர் துரை தன் சொந்த ஊர் ஞாபகத்தில் கட்டிய வீடுகள், மொத்தம் நான்கு. துரை சீமைக்குத் திரும்பிவிட்டார், காதர் பாய் காவல் இருக்கிறார். சீமையில் இந்த மாதிரி வீடுகள் முந்நூறு வருஷமாய் நிற்கின்றன என்று துரை சொல்வாராம். ஐந்நூறு இருக்கும் என்றேன். பாய் மறுக்கவில்லை.

வெள்ளைச் சுவர், அதில் குறுக்கும் நெடுக்குமாய்க் கறுப்பு மரச்சட்டம். விழல் வேய்ந்த கூரை, எங்கள் ஊர்க் கோபுரத்துக்கு இரண்டு முழந்தான் குறைவு. ஜன்னல்கள் முறம் அகலம், சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டு பதித்தவை. நிலைப்படி தாழ்வு. தலையை இடித்துக்கொண்டேன், மரந்தான் அதிர்ந்தது.

"பாத்தியா புள்ள, அரமணையாட்டம்!" என்றேன்.

"வெளிய நின்னு பாக்க அழகாத்தானுங்க இருக்குது. உள்ள உக்காந்து நெய்யறது யாரு?"

சொல்லிவிட்டு இடுப்பிலிருந்து இரண்டு இழை நூலை எடுத்தாள். ஜன்னலிலிருந்து தறி இருக்கும் தூரத்தில் நின்று நீட்டினாள். "இதுல கறுப்பு எது, கருநீலம் எது, சொல்லுங்க."

நெசவு வீட்டில் பிறந்தவனுக்கு இது ஒரு கேள்வியா? பளிச்சென்று சொன்னேன். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் காட்டினாள். நான் சொன்னது தலைகீழாய் மாறிப்போயிருந்தது. உச்சிப்பொழுது வேறு.

காதர் பாய் சிரித்தார். "துரையே பொழுதன்னைக்கும் மரத்தடியில நாற்காலி போட்டுத்தான் படிப்பாரு, முதலியாரே."

ஊரில் சொன்னதையெல்லாம் எப்படி விழுங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பாய், துரை குளிர்காயக் கட்டிய சுவரடுப்பில் விறகு மூட்டி டீ வைத்தார். பாவாயி பழக்கத்தில் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். புகையையே காணோம், கை பாதியில் நின்றது. வெளியே ஓடிப்போய்க் கூரைமேல் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"ஏனுங்க, இது மட்டும் நம்ம ஊட்டுல இருக்கோணும். பாக்கியெல்லாம் தொரைக்கே இருக்கட்டும்."

அப்படியே கட்டினேன். ஓட்டுக்கூரை, ஆள் உயர ஜன்னல், சமையற்கட்டுக்கு மேலே சீமைப் புகைபோக்கி. யோசனை என்னுடையதுதான். நூலின் நிறத்தைக்கூட வெளிச்சம் போதாதென்று நிரூபிக்கத்தான் மாற்றிச் சொன்னேன்.

போகிறவர்கள் உச்சிவேளையில் போங்கள், சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள், அங்கே கடை கிடையாது. இரண்டு இழை நூலை மறக்க வேண்டாம். சம்சாரத்தையும் அழைத்துப் போங்கள். எங்கள் வீட்டில் பால் காய்ச்சிய அன்று புகை நேராக வானத்துக்குப் போனதை ஊரே தெருவில் நின்று பார்த்தது. உள்ளே பாவாயி ஒரு தரங்கூடக் கண்ணைத் துடைக்கவில்லை.