கறுக்க வைக்கும் ஊசியும் கொழுந்துத் தராசும்

ஊசி போடுகிறவனைக் கடிப்பது கினிப்பன்றியின் உரிமை. இந்தத் தொழிலில் இருந்தவர்கள் தங்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டே இதை ஒப்புக்கொள்வார்கள். நான் பத்து வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுத்தவன். எண்பதுகளின் நடுவில், நானுஓயாவுக்குப் பக்கத்தில் மூடிக் கிடந்த ஒரு பங்களாவில் கொழும்பு டொக்டரம்மா ஒருவர் சோதனைக்கூடம் தொடங்கினார். தராசு தெரிந்தவன் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்.

நானாவின் யோசனை

மருந்து, தோலைக் கறுக்க வைக்கிற செயற்கை ஹோர்மோன். மனிதருக்குப் போடுமுன் அதனால் கேடு வருமா என்று கினிப்பன்றிகளில் பார்க்க வேண்டும். பாதிக்கு மருந்து, பாதிக்கு வெறும் உப்புத்தண்ணீர். வாராவாரம் நிறுத்து எழுதுவது என் வேலை. அதுகளுக்குக் கரட் வாங்கப்போன இடத்தில் முஸ்லிம் கடைக்கார நானாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் வெளுக்கும் கிரீம் டப்பாக்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "தம்பி, அதுக்கு ஊசி எதுக்கு? கறுக்கணும்கிற ஆளுகளை ரெண்டு மாசம் வெயில்ல கொழுந்தெடுக்க அனுப்புங்க."

சோறு கொண்டுவந்தவள்

என் மனைவி அந்தோணியம்மா கொழுந்தெடுப்பவள். அவள் கூடையையும் நான்தான் நிறுத்திருக்கிறேன். ஒருநாள் சோறு கொண்டுவந்தவள், மயிர் மழித்த கினிப்பன்றி முதுகு கறுத்திருப்பதைப் பார்த்தாள். வெள்ளைக்காரர்கள் இந்த நிறத்துக்கு ஆசைப்படுகிறார்கள் என்றேன். அவள் கேட்டாள்: "எங்க நெறம் மட்டும் போதுமாங்க, கூடையும் வேணுமா?"

மழை வந்தது

மழை தொடங்கிய வாரத்திலிருந்து எல்லாக் கினிப்பன்றிகளும் இளைக்க ஆரம்பித்தன. மருந்து ஆகாது, சோதனையை நிறுத்திவிடலாம் என்றார் டொக்டரம்மா. சோதனை நின்றால் என் வேலையும் போகும். தோட்டத்தில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது.

கடைசியில் அவருக்கே சந்தேகம். வெறும் உப்புத்தண்ணீர் போட்டவையும் ஏன் இளைக்கின்றன? தன் முன்னால் நிறுக்கச் சொன்னார். பிஸ்கட் டின்னில் ஒன்றை வைத்தேன். டின்னைக் கழித்தால் எழுநூறு கிராம். வெளியே கொட்டுகிற மழையைப் பார்த்தேன். கை தன்பாட்டுக்கு அறுநூற்றைம்பது என்று எழுதியது.

"ஏன் குறைச்சு எழுதினீங்க?"

"மழைங்கம்மா. தண்ணிக்குக் கழிக்கிறது..." என்றவன் நிறுத்திக்கொண்டேன். தோட்டத்தில் மழை நாளில் ஈரக் கொழுந்தின் எடையில் தண்ணீருக்கென்று கழித்துப் பழகிய கை அது. அவர் எல்லாவற்றையும் தானே மறுபடி நிறுத்தார். ஒன்றுகூட இளைத்திருக்கவில்லை. என் வேலை தப்பியது; பேனாவை மட்டும் டொக்டரம்மா வாங்கிக்கொண்டு சொன்னார்: "சவரிமுத்து, இதுகள் கூரைக்குக் கீழ இருக்குதுகள்."

வீட்டில்

சிரிப்பாள் என்று அந்தோணியம்மாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கொழுந்துக் கறை படிந்த விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. அவள் கேட்டாள்: "அம்பது கிராம் கொறஞ்சதுக்கு பன்னிக்காகக் கேக்க ஒரு டொக்டரம்மா இருக்காங்க. பத்து வருசமா எங்களுக்குக் கழிச்சீங்களே, யாரு வந்து கேட்டாங்க?"

மருந்தால் எந்தக் கினிப்பன்றிக்கும் கேடு வரவில்லை என்று டொக்டரம்மா எழுதி முடித்தார். கொழுந்து நிறுத்தவனால் யாருக்கும் கேடு வரவில்லை என்று எழுதித்தர, தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயத்தில் யாரும் முன்வரவில்லை.